பின்கதவு

காலையில் டிர்க் வழக்கம்போல் காபி குடித்தான், வெண்ணெய் தடவிய பிரெட்சல் ரொட்டியைத் தின்றான், சோதனைக் காரை எடுத்தான். புதிய சொகுசு எஸ்யூவி. கார் நிறுவனத் தலைமையகம் அனுப்பியிருந்த சில்கே பக்கத்தில் அமர்ந்தாள்.

ஆட்டோபான் நெடுஞ்சாலையில் வேகம் நூற்றறுபதைத் தொட்டதும் காற்று ஊளையிட்டது. ஓய்விடத்தில் நிறுத்தி, கதவிடுக்குகளை எல்லாம் டேப் ஒட்டி அடைத்தான். சத்தம் நின்றது. பிறகு ஒவ்வொரு டேப்பாக உரித்து ஓட்டிப் பார்த்தான். பின்கதவு டேப்பை எடுத்ததும் ஊளை திரும்பியது.

"வேகத்துல கதவோட மேல்பக்கம் வெளிய வளையுது. எந்த மகராசன் வரைஞ்சானோ! கதவா இது, புல்லாங்குழல்!"

சில்கே சிரித்தாள். "அப்படியே ரிப்போர்ட்ல எழுதுங்க."

"எழுதினா விற்பனை தள்ளிப்போகும். அந்த ஆள் மேலிடத்துல சொல்லி என் வேலைக்கே உலை வைப்பான். வைக்கட்டும். என் காதுக்குக் கேட்டதை எழுதத்தான் போறேன்."

"தைரியமா எழுதுங்க டிர்க். அது நான் வரைஞ்ச கதவு. இப்படி ஊளையிட்டுக்கிட்டு வெளிய போகக் கூடாது."