ஒரே கையெழுத்தில் இருபத்துமூன்று

"இருபத்துமூணு சீட்டு. ஒரே கையெழுத்து. ஒரே பச்சை மை. எங்களப் பாத்தா எப்படித் தெரியுது உங்களுக்கு?"

பள்ளிக்கூட வாத்தியார் சுகதன் மாஷ் சீட்டுகளை மேஜைமேல் விசிறிப் போட்டார். கேரளத்தில் கொயிலாண்டி வாசகசாலை மாடியில் பிலிம் சொசைட்டிக் கமிட்டி மொத்தமும் கூடியிருந்தது. ஊரார் 'இத்தா' (அக்கா) என்று கூப்பிடும் ஜமீலா எதிரே நின்றார்; அவருக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை.

கடந்த பத்து வருஷத்துப் படங்களில் ஊருக்குப் பிடித்தது எது என்று வோட்டு எடுக்கும் யோசனை மாஷுடையதுதான். சொசைட்டியின் செயலாளர் அவர். பள்ளிக்கூடம் விட்டதும் மீன் மார்க்கெட், காலேஜ், கோர்ட்டு வாசல் என்று மூன்று மாதம் சீட்டும் கையுமாக அலைந்தார். ஊரில் ஒரு ஆள் விட்டுப்போகக் கூடாது என்பது அவர் பிடிவாதம்.

எண்ணி முடித்தபோது முதலிடத்தில் வந்து நின்றது 'நீச்சல்காரி'. தியேட்டரில் மூன்றே நாள் ஓடிய படம்; பச்சை மைச் சீட்டு இருபத்துமூன்றும் அதற்குத்தான்.

"படத்துல என்ன இருக்கு? ஒன்றரை மணி நேரம் ஒருத்தி நீந்திக்கிட்டே இருக்கா" என்றார் எல்.ஐ.சி. வல்சராஜ். "எடுத்தவன் இத்தாவுக்கு அக்கா மகனோ?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"எழுதினது நான்தான்" என்றார் ஜமீலா. "படத்தைச் சொன்னது அவங்க."

"அவங்கன்னா? யாரு?"

"பேரு சொல்லமாட்டேன். அது அவங்க இஷ்டம்."

"சொந்தமா எழுதிப் போட என்ன கேடு? கை இல்லையா, கால் இல்லையா?"

மாஷ் இப்படிக் கேட்டதும் சிரிப்பு இன்னும் பலத்தது. ஜமீலா சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. ஒரு ரெண்டு மணி நேரம் வாங்க மாஷே. சம்மதிச்ச வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். அப்புறம் கிழிச்சுப் போடறதுன்னா போடுங்க."

மறுநாள் காலை ஆட்டோவில் கிளம்பும்போதுகூட மாஷுக்குத் தைரியம் குறையவில்லை. கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்றுதான் போனார்.

முதல் வீட்டில் ஒரு கள்ளிறக்கும் தொழிலாளி. தென்னையிலிருந்து விழுந்து முதுகெலும்பு போய்விட்டது. விரல்கள் சுருண்டு கிடந்தன.

"வாங்க மாஷே. இத்தா லேப்டாப்புல காட்டினாங்க. அவ தண்ணியில இறங்கினா பாருங்க, என் காலு குளுந்துபோச்சு. காலு இருக்கறதே அன்னிக்குத்தான் ஞாபகம் வந்துச்சு."

மாஷ் தலையாட்டினார்.

இரண்டாவது வீட்டில் பத்தொன்பது வயதுப் பெண். தசைகள் ஒவ்வொன்றாகச் செயலற்றுப் போகும் நோய்.

"நீங்கதான் செக்ரட்டரியா? எங்க படம் எத்தனாவது?"

"எண்ணிட்டிருக்கோம் மோளே" என்று பொய் சொன்னார். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னலைப் பார்த்தார்.

மூன்றாவது வீட்டில் கட்டில் காலியாக இருந்தது. வோட்டுப் போட்டவர் போன வாரம் இறந்துபோயிருந்தார். அவர் மனைவி, "சீட்டு வந்து சேந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள். சேர்ந்தது என்று சொல்லிவிட்டு மாஷ் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே வந்தார்.

"போதும் ஜமீலா. இதுக்குமேல என்னால முடியாது." ஆட்டோவில் ஏறியதும் கைக்குட்டையைத் தேடினார். "கை இல்லையா, கால் இல்லையான்னு கேட்டேனே. நாலு பேர் முன்னாடி கேட்டேனே! நீங்க ஏன் அங்கயே சொல்லல?"

"வீடு வீடாப் போய்ப் படுக்கையில கிடக்கிறவங்களப் பாத்துக்கற குழு எங்களோடது. யாரு கிடக்காங்கன்னு வெளியில சொல்லறதில்ல மாஷே."

"இருபத்துமூணையும் சேத்துடறேன். கமிட்டியில எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன். வேற வீடு மட்டும் வேண்டாம்."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு. முதல் வோட்டு அங்கதான் விழுந்துச்சு. அந்தப் படத்தையே அவர்தான் கண்டுபிடிச்சுச் சொன்னார். மத்தவங்களுக்கும் காட்டுங்க இத்தான்னு பிடிவாதம்."

மாஷ் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டோ இரண்டு மூன்று இடத்தில் திரும்பி, பிறகு நின்றது. கைக்குட்டையை எடுத்துப் பார்த்தால், அவர் வீட்டு கேட்.

"என்னை வீட்டுலயே இறக்கி விடறீங்களா? நல்லதாப் போச்சு" என்றார் நிம்மதியாக.

ஜமீலாவும் இறங்கினார். முன்வாசலுக்குப் போகாமல், பழகிய நடையில் கிணற்றடியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். அடுக்களை ஜன்னலிலிருந்து மாஷின் மனைவி புஷ்பலதா எட்டிப் பார்த்தாள்.

"என்ன இத்தா, எப்பவும் செவ்வாய்க்கிழமை, இவர் ஸ்கூல் போனப்புறந்தானே வருவீங்க?"

பின்னறைக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. ஜமீலா தள்ளித் திறந்து உள்ளே போக, மாஷ் பின்னாலேயே போய் நிலைப்படியில் நின்றார்.

கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் ஆறு வருஷமாக அந்த அறையில் கிடக்கும் அவருடைய சொந்தத் தம்பி ஹரீந்திரன், சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுக்கவைக்கப்பட்டிருந்தவன், திரும்ப முடியாமல் கேட்டான்:

"இத்தா, கூட யாரு? காலடிச் சத்தம் புதுசா இருக்கே."