ராணியை யாருங்க பார்த்திருக்கா?

"முகம் மட்டும் தெளிவா விழணும்மா. நாளைக்கு ஊர்வலத்துல முதல் பேனரே இதுதான்" என்றார் செயலாளர்.

'உண்மை வரலாறு மீட்புக் குழு'வின் செயலாளர் அவர். சட்டைப்பையில் குத்தியிருந்த பேட்ஜும் அதைத்தான் சொன்னது.

கடைக்கார அக்கா தலையாட்டினாள். அந்த வட்டாரத்தில் பேனர் என்றால் அவள் கடைதான். சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் அக்கா.

விஷயம் நாடறிந்தது. ஒருகாலத்தில் இந்த நாட்டை ஆண்ட ராணியின் கதையைப் படமாக எடுக்கிறார்கள். ராணியாக நடிக்கப்போவது யார் தெரியுமா? இரண்டு விவாகரத்து, மூன்று வழக்கு, எதற்கும் அடங்காத வாய் என்று பெயரெடுத்த அந்த நடிகை. பேட்டியில் ஒருத்தர், "உங்களுக்கும் ராணிக்கும் முகஜாடையே இல்லையே?" என்று கேட்கப்போக, அவள் சிரித்துவிட்டு, "ராணியை யாருங்க பார்த்திருக்கா?" என்று சொல்லித் தொலைத்தாள். அவ்வளவுதான், நாடே பற்றிக்கொண்டது.

"யாரு பார்த்திருக்கான்னு கேக்கறா. ஏழாம் வகுப்புப் பிள்ளையக் கேட்டா சொல்லும். புத்தக அட்டையில இருக்கு, தபால் தலையில இருக்கு, சதுக்கத்துல சிலையா நிக்குது. இதுக்கு மேல என்ன வேணுமாம்?" என்றார் செயலாளர்.

"கொழுப்பு சார். வேறென்ன."

அக்காவுக்கும் வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? அந்தப் படத்தை வரைந்ததே அவள் அப்பா. பாடநூல் அலுவலகத்தில் ஓவியராக இருந்தபோது, பழைய அரண்மனைச் சுவரோவியம் ஒன்றைப் பார்த்து அப்படியே வரைந்தது. அந்த விவரத்தைப் புத்தகத்திலேயே அச்சடித்துப் போட்டிருக்கிறார்கள்.

புத்தக அட்டைப் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்தது.

"அசல் மாடியில இருக்கு சார். ஃப்ரேமைக் கழட்டி ஸ்கேன் பண்ணிடறேன். அஞ்சு நிமிஷம்."

"அசலே வீட்டுல இருக்கா? குடுத்து வெச்சவங்கம்மா நீங்க."

மாடியில் அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஒரு வாரமாக டிவியைப் போடவே விடவில்லை மனுஷன். வயசாகிவிட்டது, சத்தம் ஆகவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அதை எதுக்கு எடுக்கறே?"

"ஊர்வலத்துக்குப்பா. அந்தத் திமிர் பிடிச்சவளுக்கு ராணின்னா யாருன்னு காட்டணுமில்ல?"

"தொடாதே. இருந்த இடத்துலயே வெச்சிடு."

சொன்னால் கேட்கிறவளா? அதற்குள் ஸ்க்ரூவைத் திருகிப் பின்பலகையைக் கழற்றிவிட்டாள். உள்ளேயிருந்து ஒரு பழைய போட்டோ நழுவித் தரையில் விழுந்தது.

முக்காலியில் ஒரு பெண். பதினெட்டு வயசுக்கு மேல் இருக்காது. தலையில் கிரீடத்துக்குப் பதில் துண்டு, கையில் வாளுக்குப் பதில் மர ஸ்கேல். அதே நிமிர்ந்த தாடை, அதே பார்வை. படத்தில் இருக்கிற ராணியேதான். ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். போட்டோவில் இடது புருவத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு ஓடியது. படத்தில் அந்த இடத்தைக் கிரீடத்து முத்து மறைத்திருந்தது.

அந்தத் தழும்பைத் தெரியாதவர்கள் நாட்டில் யாரும் இல்லை. வாரம் ஒரு பத்திரிகை அட்டையில் வருகிற தழும்பு.

அக்கா அப்பா பக்கம் திரும்பினாள். "அப்பா, இது அந்த நடிகையா?"

"எங்க ஆபீசுக்கு எதிர்த்தாப்பல டீக்கடையில கிளாஸ் கழுவிட்டு இருந்துச்சு. சினிமாவுக்கெல்லாம் அப்புறம்தான் போச்சு. இத்தனை வருஷத்துல முகஜாடையே மாறிப்போச்சு."

"அப்ப அந்தச் சுவரோவியம்?"

"அப்படி ஒண்ணு கிடையவே கிடையாதும்மா. ரெண்டு நாள்ல படம் வேணும்னு நின்னாங்க. ராணி எப்படி இருந்தாங்கன்னு யாருக்குத் தெரியும்? எதைப் பார்த்து வரைஞ்சேன்னு கமிட்டியில கேட்டாங்க, வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லிட்டேன். வெளியே தெரிஞ்சா வேலை போயிடும்மான்னு அந்தப் பொண்ணுகிட்டக் கேட்டுக்கிட்டேன். இன்னிவரைக்கும் மூச்சு விடலை."

"இவ்வளவு திட்டு வாங்கியுமா?"

"முந்தாநாள் போன் பண்ணுச்சு. 'சார், நீங்க எதுவும் பேசிடாதீங்க. திட்டு வாங்கறது எனக்குப் பழகிப்போச்சு, உங்களால தாங்க முடியாது'ன்னு சொல்லிட்டு வெச்சிடுச்சு."

காலையிலிருந்து அவளை என்னென்ன சொல்லியிருக்கிறோம் என்று நினைக்கவே அக்காவுக்குக் கூசியது.

அப்பா மெல்ல எழுந்து போட்டோவை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "கொண்டு போய்க் காட்டிடு. நாளைக்கு அந்தப் பொண்ணு வீட்டு மேல கல்லெறிவாங்க. என் பேரு போனாப் போகுது."

கீழே வந்து இரண்டையும் கவுண்டரில் வைத்தாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். உண்மை உண்மை என்று ஊரெல்லாம் பேசுகிற மனுஷன், ஊர்வலத்தை இவரே நிறுத்திவிடுவார் என்று நம்பினாள்.

செயலாளருக்கு முகம் வெளுத்துவிட்டது. படத்தைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இது வேற யாருக்காவது தெரியுமா?"

"அப்பாவுக்கும் அவங்களுக்கும் எனக்கும்தான் சார். இப்ப உங்களுக்கு."

அவர் ஒருதரம் தெருவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு போட்டோவை இரண்டாகக் கிழித்தார். இரண்டை நாலாக்கி, பேட்ஜ் குத்தியிருந்த சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"படம் ரொம்ப நல்லா இருக்கும்மா, இதையே ஸ்கேன் பண்ணுங்க" என்றார் நிதானமாக. "அடியில வாசகம் வரணும், எழுதிக்குங்க. 'வரலாற்றை மறைக்காதே.' எழுத்து நல்லா பெருசா இருக்கட்டும்."