சின்னபொண்ணு வயலில் பாம்பு

"பாம்பு விஷயம், ஜல்தி வாப்பா!" என்று போன் வந்ததும், பாம்பு பிடிக்கும் சுதாகர் ஆரணியிலிருந்து பைக்கில் தேவிகாபுரத்துக்கு விரைந்தான். நெல்வயல் வரப்பில் கலங்கி நின்ற சின்னபொண்ணு வாய் திறப்பதற்குள், பொந்து பொந்தாகக் கொக்கியை விட்டுத் துழாவினான்.

"இங்க பாம்பே இல்லியேக்கா!"

"அதுக்குத்தாம்பா கூப்ட்டேன். போன மாசம் என் மருமவ பயந்துகினு கூப்ட்டான்னு சாரைய புடிச்சிகினு போனியே, அதுலேர்ந்து எலிங்க பயிர வெட்டித் தள்ளுதுங்க. அத திருப்பிக் குடுத்துடு."

"காட்டுல விட்டுட்டேனேக்கா!"

"அப்ப வேற ஒண்ணு கொண்டா."

சுதாகரின் போன் அடித்தது. களம்பூர் அரிசி மில்லில் சாரைப்பாம்பாம். அவன் பைக்கைக் கிளப்புவதற்குள் சின்னபொண்ணு பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"நானும் வரேன். நல்லா திங்கற பாம்பான்னு பாத்துத்தான் எடுப்பேன்."