ஜெர்மனிக்குப் போற கொழுந்து

“இது கொழுந்தா, இல்ல மாட்டுக்குப் புடுங்கிட்டு வந்த தழையா?”

சூப்பர்வைசர் ரேச்சல் மருதாம்பாக்காவோட சாக்கைத் தலைகீழாக் கவுத்துட்டா. எடை போடுற கொட்டாய் முழுக்கப் பச்சைத் தேயிலை.

“ஜெர்மனிக்குப் போற சரக்கு! ரெண்டு இலை, ஒரு மொட்டு. முத்துன கரட்டு இலை இருந்தா அப்படியே திருப்பி அனுப்பிருவான். உக்காரு. பொறுக்கு. முடிக்காம எந்திரிக்கக் கூடாது!”

இது ஒன்பதாவது நாள். ஐம்பத்திரண்டு வயசுப் பொம்பளைகிட்ட இப்படியா பேசறது? எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

கூத்து என்னன்னா, கரட்டு இலை அதிகம் கிடக்கிறது என் சாக்குலதான். எடை ஏறணும்னு கை தானா நாலாவது இலைக்குப் போயிரும். ரேச்சல் என்னை ஒரு வார்த்தை சொல்லல. என் இலையையும் அள்ளி அக்கா முன்னால கொட்டி, “இதையும் சேர்த்துப் பொறுக்கு”ன்னா.

ஜெர்மனி ஆர்டர் வந்த அன்னைக்கு மேனேஜர் ரவிச்சந்திரன் எங்களை நிக்க வச்சு லெக்சர் கொடுத்தாரு. “ஏற்றுமதி பெருகினா எஸ்டேட் வளரும். எஸ்டேட் வளர்ந்தா உங்க வறுமை ஓடிப்போகும்!”

எஸ்டேட் வளர்ந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. ஆபீசுக்குப் புதுப் பெயிண்ட், அவருக்குப் புது ஜீப். வறுமைதான் ஓடுறதுக்கு வழி தெரியாம எங்க லயன் வீடுகள்லயே நின்னுக்கிச்சு. எங்களுக்கு வந்தது ஒரு புது ரூல்: வேலைக்கு லாயக்கில்லாத ஆளுக்குச் செக்ரோல் பதிவேட்டுல பேர் கிடையாது. பேர் போனா லயன் ஊட்டுச் சாவியையும் கொடுத்துரணும்.

மருதாம்பாக்கா சின்னப் புள்ளையா சிலோன்ல இருந்து வந்தவங்க. அந்த ஊட்டை விட்டா வேற போக்கிடம் இல்ல. மகள் பிரியா நர்சிங் கடைசி வருஷம். அதுவரைக்குமாவது பேர் தங்கணும்.

“தினம் இவ இப்படிக் கொட்டிக் காட்டினா முதல்ல அக்கா பேரைத்தான் அடிப்பாங்க. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல முதல் பெஞ்சு, திங்கக்கிழமை இந்த அழும்பு!” நான் எல்லாரையும் உசுப்பி விட்டேன்.

கொழுந்து எடுக்கிற நாங்க பதினோரு பேரும் ஆபீசுக்குப் போனோம். நான்தான் பேசினேன். கொஞ்சம் கண்ணீரும் விட்டேன்.

மேனேஜர் ஜீப்பை எடுத்துட்டுக் கொட்டாய்க்கே வந்துட்டாரு.

“என்ன ரேச்சல், ஒரே ஆளைப் போட்டு வாட்டுறீங்களாமே?”

“எக்ஸ்போர்ட் இலை சார், பொறுக்கித்தான் ஆகணும் சார்…” சொல்லிக்கிட்டே ரேச்சல் என் காலை நச்சுன்னு மிதிச்சா.

“பாருங்க சார், உங்க முன்னாலேயே மிதிக்கிறாங்க!”

“போதும். இனிமே தனித் தண்டனையெல்லாம் கிடையாது”ன்னாரு மேனேஜர். “எந்திரிம்மா மருதாம்பா. ஏழாம் நம்பர் மலைக்கு இப்பவே ஏறு. நீ கொழுந்து எடுக்கறதை நான் பார்க்கணும்.”

நாங்க கையைத் தட்டினோம்.

அக்கா எந்திரிக்கல.

“எந்திரிக்காதே!” ரேச்சல் கத்தினா. “பொறுக்கி முடிக்காம ஒரு அடி நகரக் கூடாது!”

என்ன திமிர் பாருங்க! நான் விறுவிறுன்னு போய் அக்கா கக்கத்துல கையைக் கொடுத்துத் தூக்கினேன். “நான் இருக்கேன், எந்திரிங்கக்கா.”

அக்கா என் கையைப் புடிச்சு அழுத்தினாங்க. உதடு அசையாமச் சொன்னாங்க. “விட்டுரு சுகுணா. பத்து நாளைக்கு முன்னால மழையில விழுந்ததுல கால் ஊன முடியல. நடந்தா என் பேர் போச்சு.”

அப்பத்தான் என் மரமண்டைக்கு ஏறுச்சு. காலையில எங்களுக்கு முன்னால அக்காவைக் கொழுந்து டிராக்டர்ல ஏத்திட்டு வர்றதும், சாயங்காலம் எங்களை அனுப்பிட்டு அக்காவை மட்டும் நிறுத்தி வைக்கிறதும் எதுக்குன்னு. ரேச்சல் கையைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை. சூப்பர்வைசர் கையில ஏது கறை? அக்கா பேர்ல தினம் ஒரு சாக்கு நிறைஞ்சது இந்தக் கை பறிச்சுத்தான்.

“என்னம்மா, எந்திரிக்கலையா?” மேனேஜர் குனிஞ்சாரு.

நான் குறுக்க வந்து நின்னேன். “சார்! இவங்களை மலைக்கு அனுப்பாதீங்க சார்! ரேச்சலக்கா செய்யறதுதான் சரி!”

“நீதானேம்மா இப்ப வந்து அழுதே?”

“அது வேற அழுகை சார். இதைப் பாருங்க!”

மிச்சம் வச்சிருந்த என் சாக்கைக் கவுத்தேன். அத்தனையும் கரட்டு இலை. வெக்கம்கெட்ட இலை, அன்னைக்குத்தான் உருப்படியா ஒரு வேலை செஞ்சுது. பக்கத்துல நின்ன பியாட்ரிஸ் புரிஞ்சோ புரியாமலோ தன் சாக்கையும் கொட்டினா. அப்புறம் வரிசையா எல்லாரும்.

“பொறுக்கறதுக்கு இவங்க கை மாதிரி வராது சார்”னேன்.

மேனேஜர் தலையில கை வச்சுக்கிட்டாரு. “இதையா ஜெர்மனிக்கு அனுப்புறது? ரேச்சல், ஆர்டர் முடியற வரைக்கும் இந்தம்மா இந்த இடத்தை விட்டு அசையக் கூடாது!”

ஜீப் கிளம்பிப் போச்சு. ஒன்பது நாளா நான் பேசின பேச்சுக்கு ரேச்சலக்கா முகத்தைப் பார்க்க முடியல.

“மன்னிச்சிருங்கக்கா. இனிமே உங்களை ஒரு வார்த்தை திட்ட மாட்டேன்.”

“அடிப் போடி இவளே! நீங்கல்லாம் திட்டலைன்னா மேனேஜருக்குச் சந்தேகம் வந்துரும்”னாங்க. “நாளைக்கும் திட்டு. ஆபீஸ் வரைக்கும் கேக்கற மாதிரித் திட்டு.”