நூற்றுக்கு நாலு

"அக்கா, சாக்குல என்ன?"

இன்ஜினியர் கேட்டதும் அந்தப் பெண் சாக்கை முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். தோட்டத்தில் காபிப் பழம் பறிப்பவள். கை வேகத்துக்காக எல்லோரும் அவளை மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஒண்ணுமில்ல தம்பி, சருகு."

சருகு இப்படிக் கனக்குமா? அதுவும், சோதனைக்கென்று கயிறு கட்டி ஒதுக்கிய ஆறு காபிச் செடிகளுக்குள்ளிருந்து விடியற்காலையில் வெளியே வருகிறாள்.

அவனுடைய மூன்று வருட உழைப்பு. செங்குத்துச் சரிவில் கம்பிக் கயிற்றில் தொங்கியபடி இறங்கி, செடியை உலுக்கிப் பழத்தை உதிர்க்கும் மெஷின். சரிவில் ஜம்மென்று நின்றது. ஆனால் பழத்தோடு பச்சைக் காயையும் உதிர்த்துத் தொலைத்தது. போன தடவை நூற்றுக்கு முப்பது காய்.

இன்று பத்துக்கு மேல் போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பத்துக்குள் வந்தால் இன்னும் ஒரு வருடம் அவகாசம். முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்.

'மெஷின் வந்தா பிழைப்பு போயிடும்னு பழத்தையெல்லாம் பறிச்சுட்டாளே. இனி விழறது பூரா காய்தான்' என்று பொருமினான். அதற்குள் முதலாளியின் ஜீப் வந்துவிட்டது.

மெஷின் இறங்கியது, உலுக்கியது. தட்டில் விழுந்ததில் நூறை முதலாளியே எண்ணி எடுத்தார். வேடிக்கை பார்த்த பெண்களோடு மின்னலும் நின்றாள்.

"நாலே நாலு காய். என்னய்யா பண்ணினே?"

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அதிர்வைக் கொஞ்சம் குறைச்சேன் சார்." காலரைத் தூக்கிவிடாத குறைதான்.

"ஒரு வருஷம் எடுத்துக்கோ" என்று கை குலுக்கிவிட்டுப் போனார் முதலாளி.

வந்த சந்தோஷத்தோடு சும்மா இருந்திருக்கலாம். அவனுக்கு மனசு ஆறவில்லை. எடை போடும் கொட்டகைக்குப் பின்னால் மின்னலைப் பிடித்தான்.

"பழத்தைத் திருடியும் மெஷின் ஜெயிச்சிடுச்சு, பாத்தீங்களாக்கா?"

அவள் சாக்கைக் கவிழ்த்தாள்.

ஒரு சிவப்புப் பழம்கூட இல்லை. அத்தனையும் பச்சைக் காய்.

வெட்கத்தில் அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"எதுக்குக்கா? மெஷின் வந்தா உங்க பிழைப்பு..."

"சமதளத்துல பறிக்க எவ்வளவோ கிடக்கு தம்பி. போன வருஷம் இந்தச் சரிவுல உருண்டுதான் என் தங்கச்சிக்கு இடுப்பு போச்சு. இனி இங்க மெஷின் இறங்கட்டும், மனுஷங்க வேணாம்."

காலிச் சாக்கை உதறி மடித்துக்கொண்டே சொன்னாள்:

"ஒரு வருஷம் இருக்குல்ல? முதலாளிகிட்ட சொன்னீங்களே, அந்த அதிர்வை இப்போவாவது குறைங்க."