பவளமாகிப்போன அப்பளம்

கடற்கரைக் கல்யாணம். ஒரே அப்பளக் கட்டிலிருந்த ரெண்டில் ஒன்றுக்கு ரோஸ் கலர் அடித்து, கோணல்மாணலாகப் பொரித்து, கேக் உச்சியில் பவளப்பாறை என்று நட்டார்கள். அதற்குத் தலைகால் புரியவில்லை.

பந்தி இலையிலிருந்து மற்ற அப்பளம் கூப்பிட்டது. "அண்ணே, சௌக்கியமா?"

"யாருடா உனக்கு அண்ணன்? நான் பவளம். என்னைப் பாயசத்தில் போட்டு நொறுக்க எவனுக்கும் தைரியம் வராது."

தம்பி பாயசத்தில் நொறுங்கியது. சாப்பிட்டவர் விரலையும் விடாமல் நக்கினார்.

கேக் வெட்டும்போது மாப்பிள்ளை பவளத்தைப் பிடுங்கிக் கடிக்கப் போனார்.

"ஐயே, பிளாஸ்டிக்குங்க! பல்லு போயிடும்," என்றாள் பெண்.

குப்பைக்கூடையில் விழும்போதுதான் அது கத்தியது: "ஐயோ, நான் அப்பளம்!"

உள்ளே கிடந்த பிளாஸ்டிக் ஸ்பூன் நகர்ந்து இடம் விட்டது. "வா மச்சான், நாமெல்லாம் ஒரே இனம்தானே."