சிவப்புப் பொட்டலம்

“பூ சிவப்பா வந்துச்சுன்னு ஆபரேஷனை நிறுத்தறதுங்களா? நல்லா இருக்குதுங்க நாயம்!” என்றான் அருண்குமார்.

ரங்கநாயகி காலையில் கோயிலுக்குப் போய்விட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். நெற்றியில் குங்குமம் லேசாகக் கலைந்திருந்தது. அறையின் ஜன்னலோரம் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவர், எதிரே அருண்குமார்.

பீளமேட்டு மில் குடும்பத்தில் பிறந்த ரங்கநாயகிக்கு அறுபதை நெருங்கும் வயது. பெரிய காரியம் எதுவானாலும் முதல் நாள் மாரியம்மனிடம் பூக் கேட்டுவிடுவார். இலையில் கட்டிய இரண்டு பொட்டலங்கள். ஒன்றில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு. சாமி முன்னால் வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. இதுவரை அவருக்கு வந்ததெல்லாம் வெள்ளைதான்.

அந்தக் கோயிலின் இளம் பூசாரிதான் அருண்குமார்.

“நாளைக்கு வேண்டாம் கண்ணு. அமாவாசை கழிச்சுப் பாத்துக்கலாம்.”

“இருதய வால்வு சுருங்கிக்கிட்டே வருது, நாள் கடத்தினா உசுருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொன்னாங்களா இல்லீங்களா?”

“சொன்னது நெசந்தான். டாக்டர் சொன்னா ஆச்சா? டாக்டருக்கும் மேல அம்மா ஒருத்தி இருக்கறா.”

“இருக்கறாங்க. நான் இல்லீன்னு சொல்லலை. ஆனா நம்பறது வேற, அதைப் பத்திப் பேசறது வேறீங்க. பேசறப்பக் கொஞ்சம் எந்தப் பக்கமும் சாயாம நடுவுல நின்னு பேசோணும்.”

“பூசாரி பேசற பேச்சா இது? சாயங்காலக் காலேஜுக்குப் போனதுல இருந்து உனக்கு நாக்கு நீண்டுபோச்சு.”

“காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரலீங்க, கோயில்ல பாத்ததைச் சொல்றேன். பல்லடத்துக்காரர் ஒருத்தர் போர் போடறதுக்குப் பூக் கேட்டாரு. சிவப்பு வந்துச்சு. மனுசன் அதை மதிக்காமப் போட்டுப்போட்டாரு. இன்னைக்கும் தண்ணி பொங்குது. கோபிச்செட்டிபாளையத்துக்காரங்க கல்யாணத்துக்குக் கேட்டாங்க. வெள்ளை. ஆறே மாசத்துல மாப்பிள்ளை ஒரு நாளு, பொண்ணு ஒரு நாளுன்னு தனித்தனியா வந்து அர்ச்சனை பண்ணிக்கறாங்க.”

ரங்கநாயகிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“எனக்கு எப்பவும் பலிச்சிருக்குதே?”

“உங்களுக்கு வெள்ளையா வந்துச்சு, செஞ்சீங்க. சிவப்பு வந்தும் செஞ்சு பாத்திருந்தாத்தானுங்களே, பலிக்குதா இல்லியான்னு தெரியும்?”

“பாத்துப்போட்டு அப்பறம் அழுகறதா?” ரங்கநாயகி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். “இன்னைக்கு எடுத்தது யாருன்னு தெரியுமா? உன்ற பொண்ணு லோகப்பிரியா. அந்தப் பச்சைப்புள்ள கையில சிவப்பு வந்ததைப் பாத்த எனக்குத்தான் தெரியும்.”

அருண்குமாரின் முகம் சட்டென்று வாடியது. கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். பிறகு, என்ன நினைத்தானோ, சிரித்தான்.

“பொட்டலம் கட்டினது எங்கப்பாதானுங்களே? அவருக்குச் சிவப்பு அரளிதான் கைக்கு எட்டும், அள்ளி வெச்சிருப்பாரு. வெள்ளை உசரத்துல இருக்குது, ரெண்டு மூணுதான் பறிச்சிருப்பாரு. மிட்டாயோ பொட்டலமோ, லோகு பெருசாப் பாத்துத்தானுங்க எடுப்பா!”

“அப்பறம் எதுக்குடா பூக் கட்டிக் குடுக்கறீங்க?”

“பயந்துட்டு வாரவங்க தைரியமாப் போகோணும்ங்க. அதுக்குத்தான் அம்மாகிட்ட வாரது. நல்லா இருக்கறவங்களைப் பயமுறுத்தி அனுப்பறதுக்கு ஒரு கோயில் எதுக்குங்க?”

ரங்கநாயகி அவனையே பார்த்தார்.

“நீ நடுவுல நின்னுதான் பேசறயா? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. உனக்குப் பயமில்லை?”

அவன் துண்டின் நுனியைச் சுருட்டினான், விரித்தான்.

“இருக்குதுங்க. ராத்திரி கண்ணை மூடலை. நடுவுல நிக்கறதுக்கு முடியலீங்க. நின்னு பேசிப் பாக்கறேன், அவ்வளவுதான்.”

“எனக்கும் அதேதான் கண்ணு.”

“நமக்காகப் பயப்பட ஒருத்தர் இருக்கறதே குடுப்பினைங்க. எங்கம்மா இன்னைக்கும் உங்க பேரைச் சொல்லித்தான் விளக்குப் போடறாங்க. எப்படி நன்றி சொல்றதுன்னு எனக்குத் தெரியலீங்க. நாளைக்கே நடக்கட்டும்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க.”

ரங்கநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார்.

“காலைல இருந்து நடுங்கிட்டே இருந்துச்சு. இப்ப நின்னுபோச்சு பாரு. நன்றி நாந்தான் சொல்லோணும், உனக்கு.”

கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் ரிஃபத் உள்ளே வந்தாள்.

“பேசினது போதும்ங்கண்ணா, கட்டில்ல ஏறிப் படுங்க. நெஞ்சுல முடி எடுக்கோணும்” என்று அருண்குமாரை விரட்டிவிட்டு, ரங்கநாயகியிடம் திரும்பினாள். “அண்ணனோட ஆபரேஷனைத் தள்ளி வெக்கறதாச் சொன்னீங்களே டாக்டரம்மா, தியேட்டர்ல என்னன்னு சொல்லட்டுங்க?”

“தள்ள வேண்டாம். நாளைக்கு முதல் கேஸே இவன்தான், நானே செய்யறேன்” என்றார் ரங்கநாயகி.